டிரிப்ளிங்: எப்போது வேண்டாம்?

பசங்க கால்பந்து ஆடும் மைதானத்தின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "பாஸ் பண்ணுடா, பாஸ் பண்ணு!" என்று ஒரு குரல் வரும். "விடாதே, போ, தாண்டிப் போ!" என்று இன்னொரு குரல் வரும். இரண்டும் ஒரே பையனைப் பார்த்து, ஒரே நேரத்தில். அவன் ஆளைத் தாண்டிவிட்டால் கைதட்டல். பந்து பறிபோனால், "இவன் எப்பவுமே இப்படித்தான், தனியா ஆடுவான்" என்று பேச்சு. பந்து தங்கியதா போனதா என்பதை வைத்தே அவன் எடுத்த முடிவு சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஆனால் தப்பான நேரத்தில் செய்த டிரிப்ளிங்கும் (பந்தோடு ஆளைத் தாண்டப் போவதும்) சில சமயம் பலித்துவிடும். சரியான நேரத்தில் செய்ததும் பல சமயம் பலிக்காமல் போகும்.

அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தராதது, காலை நகர்த்துவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை. அதை இங்கே அடியிலிருந்து சொல்கிறேன். கால்பந்து ஆடியே இராதவர்களும் தொடர்ந்து வரலாம்.

மூன்று வேலைக்கு ஒரே பெயர்

குழப்பம் டிரிப்ளிங் என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. ஒருவர் காலில் பந்தோடு நகர்ந்தாலே நாம் டிரிப்ளிங் என்கிறோம். உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

எதிரே யாரும் இல்லாத இடத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே முன்னேறுவது ஒன்று. இதைப் பந்தை ஓட்டிப் போவது என்று வைத்துக்கொள்வோம். முதுகுப் பக்கம் எதிராளி நெருக்கும்போது உடம்பைக் குறுக்கே வைத்துப் பந்தைக் காப்பது இன்னொன்று. இது மறைத்துப் பிடிப்பது. எதிரே நிற்கும் ஆளை ஏமாற்றி, பந்தோடு அவரைத் தாண்டிப் போவது மூன்றாவது. இந்தக் கட்டுரையில் டிரிப்ளிங் என்று சொன்னால் இந்த மூன்றாவது மட்டும்தான்.

இப்படிப் பிரித்துப் பார்க்காததால் என்ன ஆகிறது தெரியுமா? "டிரிபிள் பண்ணாதே" என்று திட்டு வாங்கிய பையன் மூன்றையுமே நிறுத்திவிடுகிறான். முன்னால் 15 மீட்டர் காலியாகக் கிடக்கும்; அவன் நின்ற இடத்திலேயே நின்று பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைத் தள்ளிவிடுவான். எதிரணிக்கு அதைவிடச் சௌகரியம் வேறு இல்லை. காலி இடம் கிடைத்தால் பந்தை ஓட்டிப் போகத்தான் வேண்டும். எதிரணியில் யாராவது ஒருவர் தன் இடத்தை விட்டு எதிர்கொள்ள வந்தே தீர வேண்டிய நிலைமை அப்போதுதான் உண்டாகும்.

சாலையில் முந்துவது போல

இருவழிச் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முந்தலாமா? நன்றாக ஓட்டத் தெரிந்தவர் முதலில் லாரியைப் பார்ப்பதில்லை. லாரிக்கு அப்பால் பார்க்கிறார். எதிரே வண்டி வருகிறதா, முந்திய பிறகு நுழைய இடம் இருக்கிறதா, வளைவு ஏதும் இருக்கிறதா? இடம் தெரியவில்லை என்றால், வண்டியில் எவ்வளவு வேகம் இருந்தாலும் பின்னாலேயே போகிறார். லாரி அடுத்த திருப்பத்தில் ஒதுங்கப் போகிறது என்று தெரிந்தால் முந்த வேண்டிய தேவையே இல்லை.

டிரிப்ளிங்கும் இப்படித்தான். எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரரைத் தாண்ட முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. தாண்டிய பிறகு அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நல்ல அணிகள் ஒற்றை ஆளை மட்டும் எதிரே நிறுத்துவதில்லை. ஒருவர் பந்துக்காரரை நெருக்குவார். அவருக்குச் சில அடி பின்னால், சற்றுச் சாய்வாக இன்னொருவர் நிற்பார். இந்த இரண்டாவது ஆளின் வேலைக்குக் 'கவர்' என்று பெயர். முதல் ஆளைத் தாண்டப் பந்தைச் சற்றுத் தள்ளித் தட்டியாக வேண்டும். தள்ளித் தட்டிய பந்து நேராக இரண்டாவது ஆளின் காலடிக்குப் போகும். அவர் எதுவுமே செய்ய வேண்டாம், நின்றாலே போதும்.

பார்வையாளர்கள் முதல் ஆளைத் தாண்டியதைப் பார்த்து "ஆஹா" என்கிறார்கள். அடுத்த நொடியில் பந்து போனதும், "கடைசியில கோட்டை விட்டுட்டான்" என்கிறார்கள். கடைசியில் எதுவும் நடக்கவில்லை. கவர் நிற்பதைப் பார்க்காமல் தொடங்கியபோதே அந்தப் பந்து போய்விட்டது.

ஆக, இதுவரை இரண்டு விஷயம். காலி இடத்தில் பந்தை ஓட்டிப் போவது வேறு, ஆளைத் தாண்டுவது வேறு. ஆளைத் தாண்டுவதற்கு முன் அவருக்குப் பின்னால் பார்க்க வேண்டும்.

பாஸ் ஏன் வேகமானது

உசைன் போல்ட் 2009ஆம் ஆண்டு பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். சராசரியாக விநாடிக்கு பத்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவர் காலில் பந்து இல்லை, எதிரே ஆளும் இல்லை. சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் அழுத்தி உதைத்த தரைப் பாஸ் எந்தச் சிரமமும் இல்லாமல் இந்த வேகத்தை மிஞ்சிவிடும். பந்தோடு ஓடும் மனிதரோ பந்து இல்லாமல் ஓடுவதைவிட மெதுவாகத்தான் ஓடுவார். ஒவ்வொரு தட்டுக்கும் அடியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அதனால் 20 மீட்டர் தள்ளி ஒரு சக வீரர் தனியாக நிற்கிறார் என்றால், பாஸ் அங்கே போய்ச் சேரும் நேரத்தில் பந்தோடு ஓடுபவர் பாதி வழியில்தான் இருப்பார். அந்த இடைவெளியில் எதிரணி தன் வரிசையைச் சரிசெய்துகொள்ளும்.

இந்த உண்மையைக் கால்பந்து மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 1863இல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நிற்கும் சக வீரர் ஆட்டத்திலேயே கிடையாது. முன்னோக்கிப் பாஸ் கொடுக்க வழி இல்லாததால், ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவார், மற்றவர்கள் அவருக்குப் பின்னால் ஓடுவார்கள். அவர் இழந்தால் அடுத்தவர் எடுப்பார். 1866இல் இந்த 'ஆஃப்சைடு' விதி தளர்ந்தது, முன்னோக்கிப் பாஸ் கொடுக்க முடிந்தது. ஆனாலும் இங்கிலாந்துக்காரர்கள் தனி ஓட்டத்தை உடனே விடவில்லை. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில், உடல் எடையில் மிஞ்சிய இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 0-0 என்று நிறுத்தியது. ஸ்காட்லாந்தின் பெயரோடு சேர்ந்து வளர்ந்தது கூடிப் பாஸ் கொடுத்து ஆடும் முறை. அடுத்த பத்து ஆண்டுகளில் அவர்கள் இங்கிலாந்தை 7-2 (1878), 6-1 (1881), 5-1 (1882) என்று வென்றதைப் பார்த்தால், அந்தக் காலத்து மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சரி, பாஸ் இவ்வளவு வேகம் என்றால் டிரிப்ளிங் எதற்கு? பாஸால் முடியாத ஒன்றை அது செய்யும். பதினொருவருக்குப் பதினொருவர் என்று எல்லோருக்கும் ஆள் இருக்கும்போது, ஒருவரைத் தாண்டினால் அந்த இடத்தில் உங்கள் அணிக்கு ஓர் ஆள் கூடுதல். இன்னொரு தடுப்பாட்டக்காரர் தன் ஆளை விட்டுவிட்டு வந்தாக வேண்டும். அப்போது அவர் விட்ட ஆள் தனியாகிறார். இந்த ஒரு 'கூடுதல் ஆளை' உண்டாக்கத்தான் டிரிப்ளிங். ஏற்கெனவே யாரோ தனியாக நிற்கிறார் என்றால், கூடுதல் ஆள் கையில் இருக்கிறார். அவருக்குக் கொடுக்காமல் இன்னொருவரைத் தாண்டப் போவது, திறந்திருக்கும் கதவை விட்டுவிட்டுச் சுவரேறுவது.

பந்து போன அடுத்த ஐந்து விநாடி

டிரிப்ளிங்கைப் பற்றிய பேச்சில் அதிகம் விட்டுப்போவது இதுதான். தாண்டினால் என்ன கிடைக்கும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

பந்து கையிலிருக்கும் அணி விரிந்து நிற்கும். பக்கவாட்டு ஆட்டக்காரர்கள் கோடு வரை ஒதுங்கியிருப்பார்கள், பின்வரிசை மேலே ஏறியிருக்கும், நடுவில் பெரிய இடைவெளிகள் இருக்கும். தாக்குவதற்கு அப்படித்தான் நிற்க வேண்டும். பந்து பறிபோகும் நொடியில் அதே விரிவு ஆபத்தாகிறது. பந்து ஓர் அணியிடமிருந்து மற்ற அணிக்கு மாறும் இந்த இடைப்பட்ட நேரத்துக்கு 'ட்ரான்ஸிஷன்' என்று பெயர். எதிரணி முன்னோக்கிப் பார்த்துக்கொண்டு ஓடத் தொடங்கும். உங்கள் ஆட்கள் தங்கள் கோலை நோக்கித் திரும்ப வேண்டும். திரும்புவதற்கே ஒரு விநாடி போய்விடும்.

பாஸ் தவறிப் போனாலும் பந்து எதிரணிக்குத்தானே போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வித்தியாசம். பாஸ் கொடுத்தவர் பெரும்பாலும் நிதானமாக, தன் கால்களில் நின்றுகொண்டிருப்பார். உடனே தடுக்க ஓடலாம். தாண்டப் போய் இழந்தவரோ உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, எடையை ஒரு காலில் போட்டு, எதிராளிக்குப் பின்னால் போய் நிற்பார். அந்த நொடியில் அவர் ஆட்டத்தில் இல்லை. பந்தும் போய், ஓர் ஆளும் போகிறார்.

1990 உலகக் கோப்பை, ஜூன் 23, நேப்பிள்ஸ். கொலம்பியாவும் கேமரூனும். 90 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் 38 வயது ரோஜர் மில்லா கேமரூனுக்கு ஒரு கோல் போட்டுவிட்டார். கொலம்பியாவின் கோல்கீப்பர் ரெனே ஹிகிட்டா, கோலை விட்டு வெளியே வந்து காலால் ஆடுவதில் பெயர் பெற்றவர். பின்வரிசையில் ஒரு கூடுதல் ஆட்டக்காரர் போலவே அணி அவரைப் பயன்படுத்தியது. அன்றும் பெனால்டி ஏரியாவை (கோலுக்கு முன்னால் கீப்பர் கையால் பந்தைத் தொடக்கூடிய கட்டம்) தாண்டி வெகுதூரம் வெளியே வந்து சக வீரரிடம் பந்தை வாங்கினார். மில்லா நெருங்கினார். ஹிகிட்டா உள்ளங்காலால் பந்தைப் பின்னே இழுத்து அவரைத் தாண்டப் பார்த்தார். மில்லாவின் கால் குறுக்கே வந்தது. அதன் பிறகு மில்லாவுக்கும் வலைக்கும் நடுவே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. ஆட்டம் 2-1 என்று முடிந்தது. கொலம்பியா வீடு திரும்பியது.

இதில் நான் கவனிப்பது ஹிகிட்டாவின் திறமைக் குறைவை அல்ல. பந்தைக் கையாள அவருக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் மில்லாவைத் தாண்டினால் கிடைப்பது சில மீட்டர் நிம்மதி. தாண்டாவிட்டால் போவது உலகக் கோப்பை.

இடத்துக்கு இடம் விலை வேறு

ஹிகிட்டா கதையை மைதானம் முழுக்க விரித்துப் பாருங்கள். சர்வதேச ஆட்டங்களில் மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். உங்கள் சொந்தப் பெனால்டி ஏரியாவுக்கு முன்னால் பந்தை இழந்தால், எதிராளிக்குக் கோல் 20 மீட்டர் தூரத்தில். எதிரணியின் பெனால்டி ஏரியாவுக்குப் பக்கத்தில் இழந்தால், அவர்கள் 80 மீட்டருக்கும் மேல் கடந்து வர வேண்டும். அதற்குள் உங்கள் அணி கூடிவிடும். அதோடு, அந்த ஏரியாவுக்குள் உங்களைத் தடுக்கப் போய் எதிராளி காலைத் தட்டிவிட்டால், 11 மீட்டரிலிருந்து பெனால்டி. அதனால் அங்கே அவர்கள் தயங்கித் தயங்கித்தான் காலை நீட்டுவார்கள். ஒரே வித்தை, ஒரே வேகம்; ஓரிடத்தில் பைத்தியக்காரத்தனம், இன்னோரிடத்தில் தேவை.

நடுவுக்கும் ஓரத்துக்கும் கூட வித்தியாசம் உண்டு. நடுவில் இழந்த பந்து நேராகக் கோலைப் பார்க்கும். ஓரத்தில் இழந்தால் எதிராளி முதலில் உள்ளே வர வேண்டும், கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஓரத்தில் சிரமம் வேறு: பக்கவாட்டுக் கோடு இன்னொரு தடுப்பாட்டக்காரர் மாதிரி. அது ஏமாறாது, நகராது. எதிராளி உங்களைக் கோட்டோரம் ஒதுக்கிக்கொண்டே வந்தால், தாண்டுவதற்கு ஒரு பக்கம்தான் மீதி. அந்த நேரத்தில் பந்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் கொடுப்பதில் எந்தக் கேவலமும் இல்லை.

இன்னும் ஒன்று. உங்கள் முகம் சொந்தக் கோலைப் பார்த்து, முதுகில் ஆள் ஒட்டியிருக்கிறார் என்றால், அநேகமாக எந்த இடத்திலும் அது டிரிப்ளிங்குக்கான நேரம் இல்லை. பார்க்காத பக்கத்தில் இருப்பவரைத் தாண்ட முடியாது.

இந்தப் பகுதியின் சுருக்கம்: இழந்தால் போவது எவ்வளவு என்பதைச் சொந்தக் கோலின் தூரமும், பின்னால் எத்தனை பேர் மீதி இருக்கிறார்கள் என்பதும் முடிவு செய்யும். கடைசி ஆளாக இருக்கும்போது தாண்டப் பார்க்காதீர்கள்.

எதிராளியின் கால் சொல்லும்

தடுப்பாட்டக்காரரின் முகத்தைப் பார்க்காதீர்கள், பாதத்தையும் இடுப்பையும் பாருங்கள். முழங்காலை மடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு மீட்டர் விட்டு, நீங்கள் ஓரடி வைத்தால் அவரும் ஓரடி பின்னே வைக்கிறார் என்றால், அவர் பயந்து ஒதுங்குகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் அவசரப்படுவதற்காகக் காத்திருக்கிறார். தன் ஆட்கள் வந்து சேர நேரம் வாங்குகிறார். இப்படி நிற்பவரிடம் மோதுவது அவருக்கு உதவி செய்வதுதான்.

மாறாக, பாஸ் வரும்போதே அவர் பாய்ந்தோடி வருகிறார், அல்லது தட்டையாக உங்களுக்கு நேர் எதிரே இரு கால்களையும் அகட்டி நிற்கிறார், அல்லது எடையெல்லாம் ஒரே காலில் இருக்கிறது என்றால், திரும்ப அவருக்கு நேரம் பிடிக்கும். அதுதான் போக வேண்டிய கணம். அரை விநாடிதான் அது. அடுத்த அரை விநாடியில் அவர் நிதானமாகிவிட்டால், திட்டத்தை விட்டுவிடத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால், பல பேர் பந்தை இழப்பது இங்கேதான்: தாண்டலாம் என்று மனதில் ஒருமுறை முடிவு செய்துவிட்டால், எதிராளி சுதாரித்த பிறகும் அந்த முடிவை விட மனம் வருவதில்லை.

இருவருக்கு ஒருவர்

டிரிப்ளிங் செய்யாமலே டிரிப்ளிங்கின் பலனை எடுப்பது இங்கே. உங்களிடம் பந்து. பக்கத்தில், ஏழெட்டு மீட்டர் தள்ளி, சக வீரர் ஓடி வருகிறார். எதிரே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர். கைக்குள் வந்த வாய்ப்பு. ஆனாலும் தொடக்க ஆட்டக்காரர்கள் இதை இரண்டு விதமாகக் கெடுப்பார்கள். சிலர் உடனே பாஸ் கொடுத்துவிடுவார்கள். பந்து போகும் நேரத்தில் தடுப்பாட்டக்காரரும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார், அங்கே மறுபடி ஒருவருக்கு ஒருவர். வேறு சிலர் தாண்டியே தீர வேண்டும் என்று மோதுவார்கள்.

நடுவில் இருக்கிறது வழி. தாண்டப் போகிறவர் போலவே, வேகமாக, நேராகத் தடுப்பாட்டக்காரரை நோக்கிப் பந்தை ஓட்டிப் போங்கள். உங்களைத் தடுப்பதா, சக வீரரைத் தடுப்பதா என்று அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவருடைய முன்னங்கால் உங்கள் பக்கம் இறங்கும் அந்த அடியில் பாஸைத் தள்ளுங்கள். இறங்கிய காலைத் தூக்கித் திரும்புவதற்குள் சக வீரர் போய்விடுவார். அவர் கால் உங்கள் பக்கம் வராமல் சக வீரரை நோக்கியே சாய்ந்தால், பாஸ் கொடுக்காதீர்கள். உங்கள் எதிரே கதவு திறந்துவிட்டது, போய்விடுங்கள். எதைச் செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்யவில்லை, அவர் பாதம் முடிவு செய்கிறது. இதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் மறக்காது.

அப்படியென்றால் மரடோனா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 1986 உலகக் கோப்பை, ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கம், அர்ஜென்டினாவின் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகப் போட்ட இரண்டாவது கோல். சொந்தப் பாதியில் பந்தை வாங்கி, பியர்ட்ஸ்லி, ரீட் இருவருக்கும் நடுவே சுழன்று திரும்பி, புட்சரையும் ஃபென்விக்கையும் கடந்து, கீப்பர் ஷில்டனையும் தாண்டி வலைக்குள் தள்ளினார்.

அந்த முதல் சுழற்சி, இருவர் சூழ நிற்கும்போது செய்தது. அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது மரடோனாவின் சொத்து. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். இரண்டு பேரும் பின்னால் போய்விட்டார்கள். எதிரே பெரிய காலி இடம், அங்கே அவர் செய்தது பெரும்பாலும் பந்தை ஓட்டிப் போவதுதான். தடுப்பாட்டக்காரர்கள் தன் பக்கம் ஓடி வரும்போதும் பின்வாங்கும்போதும், அதாவது நிதானமிழந்த கணத்தில், ஒவ்வொருவராகத் தாண்டினார். இடப்பக்கம் சக வீரர் ஹோர்ஹே வால்டானோ கூடவே ஓடி வந்துகொண்டிருந்தார். பாஸ் போகுமோ என்ற சந்தேகம் தடுப்பாட்டக்காரர்களுக்கு இருந்தது. கொடுக்காத பாஸும் வேலை செய்தது.

பந்து வருவதற்கு முன்

இவ்வளவையும் காலில் பந்து வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. முன்னாலேயே பார்த்து வைக்க வேண்டும். பாஸ் வரும் வழியில் இருக்கும்போதே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, மறுபக்கம் ஒரு பார்வை. ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் ஷாவி தான் ஆடிய நாட்களில் இதற்குப் பெயர் போனவர். பந்து தன்னிடம் இல்லாத நேரமெல்லாம் அவர் தலை திரும்பிக்கொண்டே இருந்தது. இப்படி அடிக்கடி பார்ப்பவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சரியாகப் போய்ச் சேர்கின்றன என்று நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்துக் காட்டினார்.

நான் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பயிற்சி ஆட்டம். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வாங்கி ஒருவரைத் தாண்டப் போனேன். கோச் விசிலை ஊதி, எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னார். திட்டுவார் என்று பார்த்தேன். "திரும்பாம சொல்லு, உனக்குப் பின்னால நம்ம ஆளு எத்தனை பேரு?" என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். "இப்ப திரும்பிப் பாரு." ஒருவர்தான் இருந்தார். மற்ற இருவரும் நான் பார்க்காத நேரத்தில் மேலே ஏறிப் போயிருந்தார்கள்.

இப்போது நான் சிறுவர்களுக்குச் சொல்லித் தரும்போது "பாஸ் பண்ணு" என்று கத்துவதில்லை. பந்து பறிபோனால் ஆட்டம் நின்ற பிறகு பக்கத்தில் போய், "நீ தாண்டப் போனியே, அவனுக்குப் பின்னால யாரு நின்னா?" என்று கேட்கிறேன். பதில் டக்கென்று வந்தால், "சரி, அடுத்த தடவையும் போ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.